வெள்ளைபடுதலும் எச்.பி.வி. கிருமியும்: தாய்மார் அறிய வேண்டியவை



இம்முறை சுகாதாரப் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பீலிக்கரையில் கூட மெதுவாகத்தான் பேசுவோம். வெள்ளைபடுதல், அரிப்பு, கெட்ட வாடை. இவற்றை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். சொல்லாமல் வைத்திருப்பதால் நம் லயங்களில் இரண்டு தவறான நினைப்பு ஊறிப்போய்க் கிடக்கிறது. ஒன்று, "வெள்ளை போனா அது கேன்சர்லதான் முடியும்" என்ற பயம். மற்றது, "டிஸ்பென்சரியில மாத்திரை எடுத்தேன், வெள்ளை நின்னு போச்சு, இனி எனக்கு என்ன பரிசோதனை?" என்ற தைரியம். முதலாவது வீண் பயம். இரண்டாவதுதான் ஆபத்து. ஏன் என்று விளங்க வேண்டுமானால் வெள்ளைபடுதலை உண்டாக்கும் தொற்றுகள் எவை, எச்.பி.வி. என்ற கிருமி எது, இரண்டுக்கும் என்ன உறவு என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

நான் டொக்டர் இல்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வகுப்புகளிலும் நம் குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவிடமும் கேட்டுப் படித்ததை நம் பேச்சில் எழுதுகிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை.

எல்லா வெள்ளையும் நோயல்ல

பெண்ணின் யோனிப் பாதை எப்போதும் ஈரமாக இருக்கும். அதில் தெளிவான அல்லது பால் நிறத் திரவம் கொஞ்சம் வருவது இயற்கை. மாதவிடாய்க்கு நடுவில் முட்டை வெளியாகும் நாட்களிலும், கர்ப்ப காலத்திலும் கூடுதலாக வரும். வாடை இல்லை, அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை என்றால் அது நோய் இல்லை. "சத்தெல்லாம் வெள்ளையாப் போகுது, அதுதான் மெலிஞ்சு போறேன்" என்று சொல்லும் அக்காமார் இருக்கிறார்கள். வெள்ளையில் சத்து ஒன்றும் போவதில்லை. மெலிவுக்கும் களைப்புக்கும் இரத்தச் சோகை போன்ற வேறு காரணம் இருக்கும். அதை வேறாகப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாதையில் நமக்கு உதவி செய்யும் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. பாலைத் தயிராக்குகிற கிருமிகளின் சொந்தக்காரர்கள் அவை. தயிரைப் போலவே அங்கேயும் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி.

காவல் குறைந்தால் வேறு பற்றீரியாக்கள் கூட்டமாகப் பெருகிவிடும். அப்போது சாம்பல் வெள்ளை நிறத்தில் தண்ணீராக, மீன் வாடையோடு வெள்ளை போகும். தாம்பத்திய உறவுக்குப் பின் வாடை இன்னும் கூடும். இதை டொக்டர்மார் பற்றீரியா வஜினோசிஸ் என்பார்கள். நாம் பற்றீரியாத் தொற்று என்றே சொல்லுவோம். தயிர்த் திரளை போல் கட்டியாக வெள்ளை வந்து தாங்க முடியாத அரிப்பும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சணத் தொற்று. நாள் முழுவதும் மழையில் நனைந்த பாவாடையோடும் இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கோடும் நிற்பவர்களுக்கு அரிப்பு தொல்லை கூடும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இது திரும்பத் திரும்ப வரும். ஆகவே அடிக்கடி வந்தால் இரத்தத்தில் சீனியையும் சோதித்துப் பாருங்கள். மூன்றாவது, மஞ்சளும் பச்சையும் கலந்து நுரையோடு வாடையாக வரும் வெள்ளை. ட்ரைகொமோனாஸ் என்ற கிருமியால் வருவது. இது உறவின் மூலம் தொற்றுவதால் கணவன் மனைவி இருவரும் மருந்து எடுக்க வேண்டும். மனைவி மட்டும் எடுத்தால் மறுபடியும் வந்துவிடும்.

இவை தவிர கிளமிடியா, கொனோரியா என்று கருப்பைக் கழுத்தையே தாக்கும் தொற்றுகளும் உண்டு. அவற்றில் பல நேரம் வெள்ளையே போகாது. வெறும் கண்ணால் பார்த்து இன்னதென்று சொல்வது டொக்டருக்கே கஷ்டம். அதனால்தான் பக்கத்துக் காம்பராக்காரி மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம் என்கிறோம். பூஞ்சணத்துக்கான மருந்து பற்றீரியாவுக்குச் சரிவராது. பற்றீரியாவுக்கான மருந்தால் பூஞ்சணம் இன்னும் கூடலாம்.

உள்ளே டெட்டோல், சவர்க்காரம், உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சுத்தம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கெட்ட கிருமியோடு அந்தக் காவல்காரனையும் சேர்த்துக் கழுவிக் கொட்டிவிடுகிறோம். வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

எச்.பி.வி. என்பது வேறு

ஹியூமன் பப்பிலோமா வைரஸ் என்பதைச் சுருக்கி எச்.பி.வி. என்கிறார்கள். இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் இலக்கம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். சில வகைகள் கையில் காலில் சாதாரண மருவை உண்டாக்கும். சில மறைவிடத்தில் மருவை உண்டாக்கும். ஒரு டசின் அளவிலான வகைகள்தான் புற்றுநோய்க்கு வழிவிடக் கூடியவை. அவற்றிலும் 16, 18 என்ற இரண்டும் பொல்லாதவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 அளவுக்கு இந்த இரண்டினால்தான் வருகிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜெர்மன் டொக்டர். 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். 2008இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸ் இரத்தத்தில் ஓடாது. தோலிலும் உள்தோலிலும் மட்டும் இருக்கும். உறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றும். தொற்றினால் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, அரிப்பு இல்லை, வெள்ளையும் இல்லை. இருப்பதே தெரியாது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். மிச்சம் உள்ள சிலருக்குத்தான் அது போகாமல் தங்கிவிடுகிறது. தங்கிய வைரஸ் கருப்பைக் கழுத்தின் தோலைச் சிறிது சிறிதாக மாற்றிப் புற்றுநோயாக்க 15 முதல் 20 வருடம் எடுக்கும். எச்.ஐ.வி. போன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலையில் 5, 10 வருடத்திலேயே வரலாம்.

கவ்வாத்து வெட்டிய தேயிலையைப் பார்த்திருப்பீர்கள். வெட்டு வாயில் தண்ணீர் இறங்கினால் கட்டை உள்ளுக்குள் உளுக்கத் தொடங்கும். ஆனால் மேலே கொழுந்து வழக்கம் போல் துளிர்க்கும், நாமும் எடுத்துக்கொண்டே இருப்போம். உளுத்துப்போனது பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும். இந்த நோயும் அப்படித்தான் நடக்கிறது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு?

மேலே சொன்ன பற்றீரியாத் தொற்று உள்ள பெண்களிடம் எச்.பி.வி. கூடுதலாகக் காணப்படுகிறது, தொற்றிய வைரஸ் போகவும் கூடுதல் நாள் எடுக்கிறது என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ட்ரைகொமோனாஸ், கிளமிடியா உள்ளவர்களிடமும் இப்படியான தொடர்பு தெரிகிறது. பூஞ்சணத் தொற்றில் அவ்வளவாகத் தெரியவில்லை.

காரணம் என்ன? புளிப்புக் குறைந்ததும் பெருகும் பற்றீரியாக்கள் உள்தோலின் மேல் படர்ந்திருக்கும் வழவழப்பான சளியைக் கரைத்துவிடுகின்றன. தோல் சிவந்து அழற்சி அடைகிறது, நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. எச்.பி.வி.க்குத் தோலின் அடித்தட்டு வரை போனால்தான் பிழைக்க முடியும். கவ்வாத்துச் செடியில் வெட்டு வாய் எப்படியோ, அப்படி இந்தக் காயம் அதற்கு வழியாகிறது. அதோடு நீண்ட நாள் அழற்சி இருந்தால் வைரஸை விரட்ட வேண்டிய உடம்பின் படையும் குழம்பிப் போகிறது.

ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளைபடுதல் புற்றுநோயாக மாறுவதில்லை. பற்றீரியாத் தொற்று மட்டும் தனியாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அது எச்.பி.வி. தொற்றவும் தங்கவும் சாதகமாக இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளை போகும் எத்தனையோ பெண்களிடம் எச்.பி.வி. இல்லை. எச்.பி.வி. உள்ள எத்தனையோ பெண்களுக்கு வெள்ளையே இல்லை. வெள்ளைக்கு எடுக்கும் மாத்திரை எச்.பி.வி.யைத் தொடாது. அந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால் வெள்ளைக்கு மருந்து எடுப்பது ஒரு வேலை, எச்.பி.வி.க்காகப் பரிசோதிப்பது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகக் கணக்கெழுதக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் விஷயம் இது. நாற்பதைத் தாண்டியவர், நல்ல கொழுந்துக்காரி. கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்தார். அழற்சி இருக்கிறது, மருந்து எடுத்துவிட்டு மறுபடி வந்து பரிசோதனை செய்ய வேண்டும் என்று ரிப்போட் வந்தது. தொற்று இருந்தால் கண்ணாடித் தட்டில் அழற்சிதான் நிறையத் தெரியும், அதன் அடியில் மாற்றம் அடைந்த கலங்கள் இருந்தால் மறைந்துவிடும். அதற்காகத்தான் இரண்டாம் தரம் கூப்பிடுவது. அக்கா மருந்து எடுத்தார், வெள்ளை நின்றது. அது கொழுந்து குவியும் காலம். ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும். "சுகமாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிட்டார். நாலு வருடம் கழித்து உறவுக்குப் பின் இரத்தம் காணத் தொடங்கிய பிறகுதான் போனார். மகரகமையில் வாரக்கணக்காகக் கதிர்ச் சிகிச்சை எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பினார், ஆனால் கூடை தூக்கி மலை ஏற இனி அவரால் முடியாது. தன் கதையை எழுதலாம் என்று அவரே சொன்னார், பேர் மட்டும் வேண்டாம் என்றார்.

வீட்டில் சந்தேகம் வேண்டாம்

உறவால் தொற்றும் கிருமி என்று சொன்னவுடனே வீட்டில் சண்டை வரும். "யார்கிட்ட இருந்து வந்துச்சு?" என்று கணவர் கேட்பார், இல்லாவிட்டால் மாமியார் கேட்பார். எச்.பி.வி. மிகச் சாதாரணமான கிருமி. திருமண வாழ்க்கை வாழ்கிற ஆண் பெண் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் தொற்றித்தான் இருக்கும். வாழ்நாளில் ஒரே ஒருவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் வரலாம். பத்து வருடத்துக்கு முன் தொற்றியது இன்று பரிசோதனையில் தெரியலாம். எப்போது, யாரிடமிருந்து என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த ரிப்போட்டை வைத்து ஒருவர் நடத்தையை அளப்பது முட்டாள்தனம். பற்றீரியாத் தொற்றை வைத்தும் அப்படித்தான்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவிக்குப் பற்றீரியாத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் நீங்களும் கிளினிக்கில் தலை காட்டுங்கள். 2025இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், மனைவி மட்டும் மருந்து எடுத்தபோது 12 வாரத்தில் நூற்றுக்கு 63 பேருக்குத் தொற்று திரும்பியது. கணவரும் சேர்ந்து எடுத்தபோது அது 35 ஆகக் குறைந்தது. ஆணுறை பாவித்தால் எச்.பி.வி. தொற்றுவது குறையும், முழுக்க நிற்காது. புகைப்பதை விடுங்கள். பெண்கள் புகைத்தால் எச்.பி.வி. தங்குவதும் இந்தப் புற்றுநோய் வருவதும் கூடுகிறது. லயத்துச் சிறு காம்பராவில் ஒருவர் இழுக்கும் பீடியின் புகை எல்லோருக்கும்தான்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

1996 முதல் நம் நாட்டில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. சுவநாரி கிளினிக் என்று சிங்களத்தில் சொல்வார்கள். இலவசம். பிரஷர், சீனி, மார்பு, எல்லாம் பார்ப்பார்கள். கருப்பைக் கழுத்துக்குப் பாப் பரிசோதனை செய்வார்கள். சில இடங்களில் எச்.பி.வி.யையே நேரடியாகப் பார்க்கும் பரிசோதனையும் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் அவசியம் செய்யுங்கள். 35ஐத் தாண்டியும் ஒரு தரமும் செய்யாதவர்கள் வயதைப் பார்க்காமல் போகலாம்.

"கருப்பையைச் சுரண்டி எடுப்பாங்க" என்று பயமுறுத்துகிறார்கள். அப்படி இல்லை. படுக்க வைத்து, ஒரு கருவியால் பாதையை விரித்து, சின்னக் குச்சியால் அல்லது தூரிகையால் கருப்பைக் கழுத்தை மெதுவாகத் தடவி எடுப்பார்கள். ஐந்து நிமிட வேலை. கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும். தளர்வாக மூச்சு விட்டால் அதுவும் குறையும். அன்றைக்கே வேலைக்கும் போகலாம்.

எல்.ஆர்.டி. ஆப்பரேஷன் செய்தவர்கள் "எனக்குத்தான் எல்லாம் முடிச்சாச்சே" என்கிறார்கள். அந்த ஆப்பரேஷனில் குழாயை மட்டும்தான் கட்டுவார்கள். கருப்பைக் கழுத்து அப்படியே இருக்கிறது. கணவரை இழந்தவர்களும், மாதவிடாய் நின்றவர்களும் தங்களுக்குத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். வைரஸ் பல வருடம் தங்கியிருக்கும் என்று மேலே படித்தீர்கள்.

ரிப்போட்டில் ஏதாவது மாற்றம் என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பெருக்கிக் காட்டும் கருவியால் கருப்பைக் கழுத்தைப் பார்ப்பார்கள். புற்றுநோய்க்கு முந்திய மாற்றம் என்றால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ, சிறு துண்டாக வெட்டி எடுத்தோ சரிசெய்யலாம். கருப்பையை எடுக்க வேண்டி வருவது அபூர்வம். இந்த வாய்ப்புக்காகத்தான் முன்கூட்டியே போகச் சொல்வது. உலகத்தில் 2022இல் மட்டும் சுமார் 6 இலட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது, சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். நேரத்தோடு பரிசோதித்திருந்தால் தடுத்திருக்கக் கூடியவையே அவற்றில் பெரும்பாலானவை.

மகள்மாருக்கு 2017 முதல் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலையில் ஆறாம் வகுப்பில் இலவசமாகப் போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்து வையுங்கள். "இந்த வயசுல ஏன் இந்த ஊசி, பிள்ளை கெட்டுப்போகாதா?" என்று கேட்ட தகப்பன்மாரும் உண்டு. கிருமி தொற்றுவதற்கு முன் போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும், தொற்றிய பிறகு அதை விரட்டாது. அதனால்தான் சின்ன வயது. அம்மை ஊசி போட்டதால் யாரும் அம்மையைத் தேடிப் போவதில்லை. ஊசி போட்ட பிள்ளைகளும் பெரியவர்களானதும் பரிசோதனைக்குப் போக வேண்டும், எல்லா வகைக்கும் அது காவல் இல்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

உறவுக்குப் பின் இரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு இடையில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம், இரத்தம் கலந்த நாற்றமான வெள்ளை, விடாத அடிவயிற்று வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே போங்கள். கர்ப்பிணித் தாய்மார் வாடை வெள்ளையை அலட்சியம் செய்ய வேண்டாம். குறைமாதப் பிரசவத்துக்கு அது காரணமாகலாம்.

சாதாரணப் பரிசோதனைக்குப் போவதானால் மாதவிடாய் இல்லாத நாளாகப் பாருங்கள். முந்திய இரண்டு நாளும் உறவு வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரையும் வேண்டாம். தேதியைக் குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவிடம் முன்பே கேட்டு வையுங்கள். ஒரே டிவிஷனில் நாலைந்து பேர் சேர்ந்து போனால் வேன் செலவும் குறையும், வெட்கமும் குறையும். ரிப்போட் இங்கிலீசில் இருந்தால் அதைக் கொண்டுவந்து அம்மாவிடமோ டிஸ்பென்சரியிலோ காட்டி, "அடுத்தது எப்ப வரணும்?" என்று கேட்டு, அந்தத் தேதியை ரிப்போட்டின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு ஒரே பொலித்தீன் பையில் போட்டு வைத்தால் தொலையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு இல்லாமல் போகலாம். "மட்ட சுது யனவா" என்றால் எனக்கு வெள்ளை போகிறது. "மட்ட லே யனவா" என்றால் எனக்கு இரத்தம் போகிறது. இந்த இரண்டையும் போகும் வழியில் வேனிலேயே சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.